மோட்டார் ரூமில் ஒரு பெர்சியாக்காரன்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் தபாலாபீஸில், நான் ஊரில் இல்லை என்று என்னிடமே சொன்னார்கள்.

சொன்னவர் போஸ்ட்மாஸ்டர். நானோ கவுண்டருக்கு இந்தப் பக்கம், நனைந்த சட்டையோடு அவர் மூக்குக்கு நேரே நின்றுகொண்டிருக்கிறேன்!

கோபப்படவும் முடியவில்லை. அவர் சொன்னது ஒரு வகையில் சரி...

மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்துவிட்டது என்று இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? பாஸ்போர்ட் ரெடி. பாக்கி இருந்தது பம்பாய் ஏஜென்டின் தந்தி மட்டும்தான். தந்தி கிடைத்ததும் ரயில் ஏற வேண்டும். தாமதித்தால் அடுத்த ஆளுக்கு விசா போய்விடும். இன்டர்வியூவுக்குப் போனபோது அந்த அடுத்த ஆளை நானே பார்த்தேன். ஏஜென்ட் ஆபீஸ் பெஞ்சில், பெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

இதற்கு நடுவில் ஆடி மாதம் நெருங்கித் தொலைத்தது.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, நிலக்கடலையும் சோளமும் போடுகிற குடும்பம். இருப்பது கேரளத்தில் என்றாலும் பேச்சும் பஞ்சாங்கமும் பொள்ளாச்சிப் பக்கம்தான். ஆடியில் புது வேலைக்குப் புறப்படுவதாவது! அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஆனி முடிவதற்குள் ஒரே ஒரு நல்ல நேரம் இருந்தது. தந்திதான் வரவில்லை. என்ன செய்வது?

அதற்குத்தான் பரஸ்தானம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவன், தன் பெட்டியை மட்டும் வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும் — பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அந்தக் காலத்து ராஜாக்கள்கூடக் குடையையும் வாளையும் முன்னால் அனுப்பிவிட்டு, சாவகாசமாகப் படையெடுத்தார்களாம். நல்ல ஏற்பாடுதானே?

ஆனால் அப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

"பெட்டிய அனுப்புனாப் பெட்டிதான்டா பெர்சியாவுக்குப் போகும்! ஆளு போகோணுமல்ல? நீயும் பொறப்படு!"

மஸ்கட் என்ன, குவைத் என்ன... அப்பாவுக்கு எல்லாமே பெர்சியா.

ஆக, பெட்டியும் நானும் புறப்பட்டோம். ஆரத்தி, எலுமிச்சம்பழம், எதிரே நிறைகுடம்... அம்மா என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"நல்லா அழுதுக்க" என்றார் அப்பா. "ஒரு பொறப்பாட்டுக்கு ஒருக்காத்தான் அழுகோணும். மறுக்கா அழுதா மறுக்காப் பொறப்பட்டதாயிரும், பாத்துக்க."

நான் போய்ச் சேர்ந்த இடம்? எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம்! வீட்டுப் பின்வாசலிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கும்.

ஒரே நிபந்தனைதான். திரும்ப வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பயணம் முறிந்துவிடும்.

முதலில் பிக்னிக் மாதிரி ஜாலியாகத்தான் இருந்தது. ஊரே என்னை நிஜமாக அனுப்பிவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது.

அம்மா சோறு கொண்டுவருவாள். வரப்பிலேயே நின்று, "அங்க வெயிலு சாஸ்தியாக் கண்ணு?" என்று விசாரிப்பாள். எப்போது? தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, ஆடித் தூறலில் நடுங்கியபடி! நானும் நனைந்துகொண்டே, "பரவாயில்லீம்மா" என்பேன். வேறென்ன சொல்ல?

பக்கத்துத் தோட்டத்து ஆறுமுகண்ணன் ஒருநாள் வந்தார். "ஏனுங் தம்பி, லீவுக்கு எப்ப வர்றீங்க?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். "வர்றப்ப எனக்கொரு டேப்ரிகார்டருங்க..." போன மாதம்வரை என்னை 'டேய்' போட்டவர். வெளிநாடு போனவனிடம் 'ங்க' எப்படித் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்!

சவரக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தேன். போய்க் கேட்டபோது அப்பா அதை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார், சப்ஜெயிலில் நீட்டுகிற மாதிரி. உள்ளே இருந்தது அவர். ஆனால் கைதி யார்?

இந்த லட்சணத்தில்தான் தந்தி வந்தது.

கொண்டுவந்தவர் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஆள். வாசலில் நின்று, என் பேரைச் சொல்லி, "ஆள் உண்டோ?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குத் தந்தி என்றாலே எழவுச் சேதி. போதாததற்கு, மகன் இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொன்னாலும் பயணம் முறிந்துவிடும் என்ற பயம். என்ன சொல்லியிருப்பாள்?

மத்தியானம் சோற்றோடு வந்தவள் பெருமையாகச் சொன்னாள்: "உன்ற பேருக்கு என்னமோ தந்தியாமா கண்ணு. அவன் பெர்சியாவுக்குப் போயிட்டானுங்கன்னு கறாராச் சொல்லி அனுப்பிப்போட்டேன்!"

சோற்றைப் பிசைந்த கையோடு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"தான் விதேசத்தாணல்லோ, வெளிநாட்டில்!" என்றார் போஸ்ட்மாஸ்டர். பாதி மலையாளம், பாதி தமிழ். "இதோ எழுதியிருக்கு, ஆள் ஸ்தலத்தில் இல்லை. அம்மா தன்னே சொன்னது. இனி இது பம்பாய்க்குத் திரும்பிப் போகணும்."

"சார், நான்தான் அந்த ஆள்!"

"ஆகட்டே. எப்போ திரும்பி வந்தது?"

"நான் போகவே இல்லை சார்!"

"அப்போ அம்மா பொய் சொன்னதா?"

பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

"பாஸ்போர்ட்டும் உண்டு! அப்போ போனது சரிதன்னே!"

கடைசியில் கொஞ்சம் இறங்கிவந்தார். அம்மா நேரில் வந்து, 'என் மகன் இங்கே இருக்கிறான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தந்தியைத் தருவாராம்.

வீட்டு வாசலுக்கு வெளியே நின்று கத்தினேன். விஷயத்தைக் கேட்ட அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கறான்னு சொன்னாப் பயணம் போச்சு. இல்லீன்னு சொன்னா வேலை போச்சு..."

அம்மா கொண்டையை முடிந்துகொண்டாள். "நடங்க போலாம்" என்றாள். அவ்வளவுதான்.

முன்னால் அம்மா, நடுவில் அப்பா, யாரோ எவனோ மாதிரி பின்னால் நான். தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "அம்மா, இது உங்க மகன்தானே?"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் மஸ்கட் அந்தப் பார்வையின் நுனியில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"என்ற பையன் பெர்சியாவுக்குப் போயிட்டானுங்க" என்றாள்.

போச்சு! போஸ்ட்மாஸ்டர் தந்தியை உள்ளே வைக்கப் போனார்.

"இது அவனாட்டவே இருக்கற இன்னொரு ஆளுங்க. நம்ம தோட்டத்து மோட்டார் ரூம்ல இருக்குது. இது கையில குடுங்க சாமி... அவனுக்குப் போய்ச் சேந்துருமுங்க."

அப்பா வாயைப் பிளந்தார். எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத பரிகாரம் அல்லவா?

போஸ்ட்மாஸ்டர் தந்தியைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். "ஆள் நல்ல ஆளா? நம்பலாமா?"

"நம்பலாமுங்க. சோத்துல மட்டும் எப்பவும் ஒரு நொட்டை சொல்லுமுங்க."

ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயரை எழுதி, அதற்கு முன்னால் 'ஃபார்' என்று போட்டு, எனக்காக நானே கையெழுத்திட்டேன்.

தந்தியில் இருந்தது இவ்வளவுதான்: 'டிக்கெட் ரெடி. உடனே புறப்படு.'

மறுநாள் மத்தியானமே பஸ் பிடித்தேன். அம்மா அழவில்லை. அழுகைதான் ஆனியிலேயே முடிந்துவிட்டதே! பஸ் நகர்ந்ததும் திடீரென்று பின்னாலேயே ஓடிவந்தாள்.

"கண்ணு! மோட்டார் ரூம் சாவி!"

பையிலிருந்து எடுத்து வீசினேன். லாவகமாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையாலேயே முந்தானையை இழுத்து வாயைப் பொத்தி... அப்பா பாய்ந்து தடுப்பதற்குள் ஓவென்று அழுதுவிட்டாள்.

பம்பாயில் ஒரு லாட்ஜ் ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைக்குப் பிளேன். ஆனால் அப்பாவின் கணக்குப்படி, ஆனியில் கிளம்பியது செல்லாது. அம்மா மறுபடி அழுத அந்த நிமிஷத்தில்தான் நான் புறப்பட்டிருக்கிறேன் —

ஆடி மாதம், புதன்கிழமை, சுத்தமான ராகு காலத்தில்!