உப்பைப் பார்த்துக்கொள்

சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று கேட்டால் எங்கள் செஞ்சிப் பக்கத்தில் அது பெரிய ஏச்சு. ரோஷம் இல்லாதவனைப் பார்த்துக் கேட்பது. என் வீட்டுக்காரரை அப்படி யாரும் கேட்டதில்லை. மல்லாட்டை மண்டியில், அதுதான் நிலக்கடலை மண்டியில், எடை போடுகிற வேலை அவருக்கு. முதலாளி ஒரு வார்த்தை தடித்துப் பேசினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மறுநாள் ஆள் விட்டு அழைப்பார்கள். எடையில் கை சுத்தம் என்று பேர். எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. இரண்டு பேருக்குத்தான் சமையல்.

அரிசிக்கு வரிசையில் நின்ற அறுபதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம், காலையில் எழுந்தால் அவர் முகம் ஊதிப்போயிருக்கும். தூங்கினது ஜாஸ்தி என்றேன். அப்புறம் கால். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். நான் அடுப்படிக்குப் போய்த் திரும்பும்வரை அந்தக் குழி அப்படியே இருக்கும். "உன் சோறு ஒட்டுதுடி" என்று சிரித்தார். ரேஷன் அரிசிச் சோறு யாருக்கு ஒட்டும்?

கடைத்தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். கம்பவுண்டர் சிறுநீரைப் பிடித்துவரச் சொல்லி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். தெளிவாக இருந்த நீர் சூடு பட்டதும் திரிந்த பால் மாதிரி வெள்ளையாகிவிட்டது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதினார். அது எனக்கு எங்கே புரியும்? மருந்தைக் கொடுக்கும்போது கம்பவுண்டர்தான் வாயால் சொன்னார்.

"நீர்ல உப்பு போவுதும்மா. உப்பைப் பாத்துக்க."

நான் இரண்டு தரம் தலையாட்டினேன். பிள்ளையைப் பார்த்துக்கொள், மாட்டைப் பார்த்துக்கொள், வீட்டைப் பார்த்துக்கொள் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? குறைவு வராமல் வைத்துக்கொள்வோம். உடம்பிலிருந்து உப்பு போகிறது. வெள்ளை வெளேரென்று என் கண்ணாலேயே பார்த்தேன். போகிறதை ஈடுகட்டுவது என் பொறுப்பு என்று புரிந்துகொண்டேன். திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் பட்டிக்காடு என்று நினைப்பார்களே என்று கூச்சம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு மாறியது. மரக்காணத்து உப்பு வண்டி தெருவுக்கு வந்தால் ஒரு படி வாங்குகிற நான் இரண்டு படி வாங்கினேன். காலையில் மோரில் ஒரு கை கல்லுப்பு. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. ராத்திரிக் கஞ்சிக்கு உப்பில் ஊறின எலுமிச்சங்காய். சந்தைக்குப் போனால் காய்கறிப் பக்கம் திரும்புவதில்லை. கருவாட்டுக்காரியிடம்தான் முதலில் போய் நிற்பேன். அவருக்கும் பரம சந்தோஷம். முன்பெல்லாம் கருவாடு கேட்டால் நாற்றம் என்று முகத்தைச் சுளிப்பவள், இப்போது கேட்காமலே வைக்கிறேன் அல்லவா? பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப்புறமிருந்து, "இன்னாக்கா, மாமனுக்கு இன்னா தெனமும் கல்யாண விருந்தா?" என்று கிண்டல் செய்தாள். வைத்தியம் என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட.

தை போய் மாசி பிறந்தபோது அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிந்தது. மண்டியில் கொஞ்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு, திண்டிவனம் போய் பஸ் மாறிப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர். என்ன ஆகாரம் கொடுக்கிறாய் என்று கேட்டார். நான் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ஏம்மா, நீர்ல போறது நீ திங்கற உப்பு இல்லம்மா. உடம்போட சத்து. பேச்சுக்குத்தான் அதை உப்புன்னு சொல்றது. இவருக்கு உப்பே ஆகாதே."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுப்போனதுதான், உப்பு அந்தக் கெடுதலைக் கூட்டிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். முதல் பாதி என் காதில் ஏறவில்லை. இன்றைக்கும் ஏறவில்லை.

பத்து நாள் வைத்திருந்து, உடம்பில் கட்டின நீரை இறக்கி அனுப்பினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். அவர் என் முழங்கையை இடித்தார்.

"உடு. வெசமா வச்ச? கருவாடுதான வச்ச."

அதற்கப்புறம் உப்பில்லாச் சமையல். பரணில் கருவாட்டுச் சட்டிகளை ஏற்றிவிட்டு, அவருக்கென்று தனியாக ஒரு சட்டி வைத்தேன். சோறு, பருப்பு, சுரைக்காய், பூசணிக்காய், எல்லாம் சப்பென்று. இரண்டு கவளம் விழுங்குவார், மூன்றாவது வாயிலேயே நிற்கும். ஆள் பாதியாகிவிட்டார். பார்க்க வந்த மண்டித் தோழர் இவருடைய மெலிந்த கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்தான் அவரைச் சிரிக்க வைத்தார்: "என்ன வேணா திட்டுப்பா. நான் இப்ப உப்புப் போட்டுத் திங்கறதில்ல." சிரித்துவிட்டு அந்த மனிதர் வெளியே போய் மூக்கைச் சிந்தினார்.

என்னிடம் தினமும் கேட்பார். ஒரு கல், ஒரே ஒரு கல். மாட்டேன் என்பேன். ஒரு நாள், "அன்னிக்கிக் கேக்காம போட்ட. இன்னிக்கிக் கெஞ்சறேன், இல்லன்ற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

பங்குனியில் மறுபடி பாண்டிச்சேரிக்குப் போனோம். அதே டாக்டர். அவரைப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் மருந்து மாற்ற ஒன்றுமில்லை என்றார். "அவர் கேக்கறதக் குடும்மா" என்றார்.

அந்தப் பேச்சு தெளிவாகப் புரிந்தது. புரிந்ததனால்தான் நான் கொடுக்கவில்லை. உப்பைப் போட்டேன் என்றால் அவர் போகிறார் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. நாலு நாள் வழக்கம்போல் சப்பென்று கஞ்சி வைத்தேன். அவரும் கேட்பதை நிறுத்தியிருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம், கஞ்சியில் நாலு கல் போட்டுக் கரைத்தேன். சொல்லாமல்தான் ஊட்டினேன். ஒரு வாய் உள்ளே போனதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சந்தோஷப்படப் போகிறார் என்று நினைத்தேன். கையால் கிண்ணத்தை மெல்ல ஒதுக்கினார்.

"கரிக்குதுடி" என்றார்.

மிச்சக் கஞ்சியை நான்தான் குடித்தேன். எனக்கு அதில் உப்பே தெரியவில்லை.