நாயின் பேரில் ஒரு மெழுகுதிரி

எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது அடைமழைக் காலத்தில். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேகனிலிருந்து நிலக்கரி இறக்குவது நைனாவின் வேலை. ஒரு நாள் சாயங்காலம் தலையிலிருந்து கால் வரை கரியாக வந்தவர், ஒரு கோணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். தின்பதற்கு ஏதோ வாங்கி வந்திருக்கிறார் என்று நான் ஓடினேன். பை இருமியது.

உள்ளே நாய். விலா எலும்பெல்லாம் தெரிந்தது, ஒரு கண் முழுக்கப் பீளை. வேகனுக்கடியில் கிடந்து கரித்தூளை முழுங்கியே அதற்கு நெஞ்சு கெட்டுவிட்டது என்றார் நைனா. அம்மா கத்தப்போகிறாள் என்று நான் மூலையில் ஒதுங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பூனை எட்டிப் பார்த்தாலே துடைப்பத்தைத் தூக்குகிறவள் அவள். அன்றைக்குத் தூக்கவில்லை. நாய் இருமுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு நைனாவைப் பார்த்தாள். "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அலுத்துப்போன குரல். அந்த வருஷம் முழுக்க அம்மாவுக்கு அந்தக் குரல்தான். நினைத்தால் எனக்கே இப்போதும் அலுப்பு வருகிறது.

எலும்பும் தோலுமாக இருந்ததற்கு டைகர் என்று நான் பேர் வைத்தேன்.

இராயபுரத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த வீடுகளில் எங்களுடையது ஒன்று. தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். பக்கத்து வீடு மேஸ்திரியுடையது. இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று காலையில் யார்டு வாசலில் நின்று கை காட்டுகிறவர் அவர்தான். இருமுகிற ஆளை அவர் கூப்பிட மாட்டார். அந்த ஆள் மறுநாள் வந்து நிற்பதிலும் பிரயோஜனம் இல்லை. டி.பி. என்ற சொல்லை எங்கள் வரிசையில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்படி ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அந்த வீட்டுக் குடத்தைப் பொதுக் குழாயடியில் தள்ளி வைத்துவிடுவார்கள்.

யாருக்கு இப்படி இருமல் என்று மேஸ்திரியின் சம்சாரம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள். நாய்க்குத்தான் என்பாள் அம்மா. பொய் இல்லையே, டைகர் இருமத்தான் செய்தது. நைனாவும் இருமினார். நாயைக் கொஞ்சிக் கொஞ்சி அவருக்கும் ஒட்டிக்கொண்டது என்று நான் நினைத்தேன். நாய் வருவதற்கு முன்னாலேயே அவர் இருமியது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வயசில்லை.

கொஞ்சியது மட்டும் நிஜம். வேலையிலிருந்து வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் அதன் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா கற்பூரவல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைப்பாள். கிண்ணத்தில் நாய்க்கு, டம்ளரில் நைனாவுக்கு. நைனா முகத்தைச் சுளிப்பார். நாய் மரியாதையாகக் குடித்துவிடும்.

பொங்கலை ஒட்டி வனத்து அந்தோணியார் திருநாள் வரும். அன்றைக்குக் கோயில் முற்றத்தில் ஆடு மாடுகளை மந்திரிப்பார்கள். கிடங்குகளுக்கு மூட்டை இழுக்கிற வண்டி மாடுகள் கொம்பில் வர்ணத்தோடு வந்து நிற்கும். அவற்றுக்கு நடுவே டைகரை நைனாவே தூக்கிக்கொண்டு நின்றார். சாமியார் தீர்த்தம் தெளித்தபடி எங்கள் பக்கம் வந்தபோது நைனா நாயின் மேல் அப்படியே கவிழ்ந்தார். பாதித் தீர்த்தம் அவர் முதுகில் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அன்றைக்கே அவள் நேர்ந்துகொண்டாள். நோயாளிக்குச் சுகமானால் அந்த ஆள் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவது எங்களிடம் வழக்கம். மெழுகுதிரியை முன்கூட்டியே வாங்கி, பழைய புடவையில் சுற்றிப் பரணில் வைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். டைகருக்கு என்றாள்.

அந்தோணியார் கைவிடவில்லை. தவக்காலம் பிறப்பதற்குள் டைகரின் இருமல் நின்றுபோயிற்று. உடம்பு வைத்தது, குழாயடியில் காக்காய் துரத்தியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மெழுகுதிரி ஏற்றப் போகலாம் வா என்று அம்மாவை நச்சரித்தேன். இன்னும் ஆகவில்லை என்றாள். என்ன ஆகவில்லை என்று கேட்டேன். இஞ்சி தட்டப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மேஸ்திரி எங்கள் வாசலில் நின்றார்.

"இன்னாப்பா, உன் நாய்க்கு சொகமாயிட்ச்சா? இருமல் சத்தம் இன்னும் கேட்டுகினுதான் கீது."

நைனா தரையைப் பார்த்தார். "எங்க, மேஸ்திரி? இன்னும் இருமிகினுதான் கீது."

அந்த நேரம் பார்த்து டைகர், மேஸ்திரி கழற்றிவிட்ட செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு சந்துக் கடைசி வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது. மூச்சு வாங்கக்கூட இல்லை. மேஸ்திரி நாயைப் பார்த்தார். பிறகு நைனாவை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா பாத்துக்கோ. நாளிக்கு வேலைக்கு வந்துடு" என்று சொல்லி, செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு போனார். உள்ளே அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்கோ கோபம் தாங்கவில்லை. அந்தோணியார் செய்த புதுமையை, அவ்வளவு பெரிய அற்புதத்தை, நைனா வாய் கூசாமல் இல்லையென்று சொல்லிவிட்டாரே. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரங்குப் பெட்டி மேல் ஏறி, மெழுகுதிரியை இறக்கினேன். டைகர் பக்கத்தில் நிறுத்தினேன். முன்னங்காலைப் பிடித்து நிற்க வைத்தும் நாய் மெழுகுதிரியின் பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை. என்னோடு வைத்துப் பார்த்தேன், என்னையும் தாண்டிப் போயிற்று. கடைக்காரன் அம்மாவை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டி, அவளிடமே போய்ச் சொன்னேன். அவள் அதை வாங்கி மறுபடியும் புடவையில் சுற்றினாள்.

வாசலில் நைனா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். டைகர் எழுந்து போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது. அந்த மெழுகுதிரியை அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.