திருநகரில் செல்வி பிறந்த அறை

அப்பா இறந்த பிறகு அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. அலங்காநல்லூரிலிருந்து திருநகருக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் கரும்புக் கட்டோடு இரண்டு பஸ் மாறிப் பாருங்கள், தெரியும்.

பெரியார் பஸ் நிலையத்தில் கண்டக்டர் என்னை ஏற்றவே யோசித்தார்.

"அக்காவுக்குச் சீர் கொண்டு போறேண்ணே."

"சீரு சரி மாப்ள, இம்புட்டு நீளக் கரும்ப எங்கிட்டு வைக்க? டிரைவர் மடியிலயா?"

கடைசியில் அவரே சீட்டுக்கு அடியில் செருகிவைத்தார். இந்தத் தடத்தில் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், திருப்பரங்குன்றம் மலை கூடவே வரும். நான் அன்று புது வீடுகளைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாரம் கட்டிய மாடிகள்.

அக்கா பேச்சி அங்கே சித்தாள், மச்சான் கொத்தனார். கட்டுகிற வீட்டிலேயே காவலுக்குத் தங்கிக்கொள்வார்கள். சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் சமையல், கதவு வைக்காத அறையில் படுக்கை. வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சியதும் அடுத்த அஸ்திவாரத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். அப்படி ஒரு வீட்டில்தான், மழை விடாமல் பெய்த ஒரு நாளில், அவள் மகள் செல்வி பிறந்தாள். வீட்டுக்காரர்கள் அப்போது வெளியூரில் இருந்தார்கள். பிறந்த அறையை மகளுக்கு ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று அக்காவுக்குத் தீராத ஏக்கம்.

சீரைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை வந்துவிட்டது. "வாடா, ரெண்டு கரும்பு குடுக்குற சாக்குல போயிட்டு வருவோம்."

அடுத்த தெருதான். வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷி. கரும்பை வாங்கிக்கொண்டு, "நல்ல நேரத்துல வந்த பேச்சி. வேலைக்காரி பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டா. வீட்ட ஒரு தடவ துடைச்சுக் குடுக்குறியா?" என்றார்.

அக்கா சேலையை இழுத்துச் செருகிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! செல்வியும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். நான் வீட்டுக்குள் தெரிகிற மாதிரி கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஹால் முடிந்தது, அடுப்படி முடிந்தது. அடுத்த அறை வாசலுக்கு வந்தபோது அந்த அம்மா தடுத்தார்.

"அது வேணாம். சாமி ரூம். அத நானே துடைச்சுக்கிறேன்."

அக்கா வாளியோடு நின்றாள். உள்ளே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா நகர்ந்ததும் மகளைப் பக்கத்தில் இழுத்து, "அந்தா, வெளக்கு இருக்குல்ல, அங்கனதான்" என்றாள். செல்வி நிலைக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். அவளை ஒரு எட்டு உள்ளே விட்டால் என்ன என்று எனக்கு இருந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா இலையில் சர்க்கரைப் பொங்கல் தந்து, செல்வியின் கன்னத்தைத் தட்டினார். "இங்க வேலை நடந்தப்பத்தான இவ பொறந்தா? எந்த ஆஸ்பத்திரி?"

"பெரியாஸ்பத்திரிம்மா" என்றாள் அக்கா. உண்மை தெரிந்தால் தீட்டு என்று அறையையே கழுவிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

தெருவுக்கு வந்ததும் செல்வி கேட்டாள். "எம்மா, நான் ஆஸ்பத்திரியிலயா பொறந்தேன்?"

"இல்ல தாயி. ஆனா யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு."

திருநகர்ப் பக்கம் போகிறவர்கள் மத்தியானமே கிளம்புங்கள், சாயங்காலம் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. மனை, வீடு என்று பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கட்டி முடியாத வீட்டில் சேலைத் தொட்டில் தொங்கினால், ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

அக்கா இப்போது இல்லை. செல்விக்குப் பேரன் பேத்தி வந்தாயிற்று. அவர்கள் கேட்டாலும் பெரியாஸ்பத்திரி என்றுதான் சொல்கிறாள்.