இரண்டாம் அறையின் கூரை

என் அத்தைக்குப் பாறை தட்டுகிற வேலை. இப்படிச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் உண்மை அதுதான். அரசுப் பூங்காவில் இருக்கும் சுண்ணாம்புக்கல் குகையைத் தினமும் காலையில் திறப்பதற்கு முன், அத்தை நீண்ட இரும்புக் கம்பியோடு உள்ளே போவார். பார்வையாளர்கள் நடக்கும் பாதைக்கு மேலே கூரையைத் தட்டிக்கொண்டே வருவார். உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் விட்ட பாறை பொத்தென்று ஒலிக்கும். பதினாறு வருடமாக, பதிவேட்டில் அத்தை 'சரி' என்று எழுதிய பிறகுதான் குகை திறக்கும்.

மாமா அங்கேயே டிக்கெட் கொடுக்கிறார். கொஞ்ச நாளாக வீட்டில் அவருக்கு ஒரு சந்தேகம்.

"பெல் அடிச்சு அடிச்சு என் கை ஓஞ்சு போச்சு. காதுல என்ன, பஞ்சா?"

"உங்க பேச்சு கேக்கக் கூடாதுன்னு நான்தான் வெச்சுக்கிட்டேன்."

ஒரு நாள் காலை குகைக்குள் விளக்கு எரியாததால் மாமா டார்ச் பிடிக்கப் போனார். வாசலில் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துகள் இரண்டு வந்து நின்றிருந்தன. இரண்டாம் அறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே தட்டிவிட்டு அத்தை நகர்ந்தார்.

"நில்லு. அதைத் திரும்பத் தட்டு."

தட்டினார். "நல்லாத்தானே இருக்கு?"

"பொத்துனு கேக்குதும்மா. தள்ளி வா முதல்ல."

அத்தை நகரவே இல்லை. மாமா கையைப் பிடித்து இழுத்தார். "எத்தனை நாளா இப்படிக் கேக்குதுன்னு எனக்குத் தெரியலையேங்க" என்றார் அத்தை.

"இந்த அறையை மட்டும் மூடிடலாம். மத்ததுக்குச் 'சரி' போடு. இனிமே தினமும் நான் கூட வர்றேன். வேலை போயிட்டா என்ன பண்ணுவே?"

"நீங்க காய்ச்சல்ல படுத்தா?"

மாமா டார்ச்சைப் பதிவேட்டின் பக்கம் திருப்பினார்.

அத்தை பதிவேட்டில் எழுதினார்: 'இரண்டாம் அறைக் கூரையில் விரிசல். மற்ற இடங்கள் பற்றித் தெரியாது. எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.' குகை திறக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டி வந்த ஆசிரியர் மாமாவிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

அத்தையை வாசலில் டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். புதிதாக வந்த ஆள் அந்தப் பாறையைப் பெயர்த்துத் தள்ளினான். ஒரு கதவு அளவு இருந்தது. அத்தை அவனிடம் போய், "அந்த விரிசல் எவ்வளவு நாளா இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

"கல்லு தேதி சொல்லுமாக்கா?" என்று சிரித்தான்.

அத்தை சிரிக்கவில்லை. காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, அவன் அதையே உரக்கத் திரும்பச் சொன்னான்.