கனடாவிலேயே நின்ற பெட்டி

என் மகளின் கலியாணம் ரொறன்ரோவில். எனக்கும் மனிசிக்கும் விசா மறுத்துவிட்டார்கள். போனால் திரும்பி வரமாட்டோமாம். எனக்கு இங்கே வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, தண்ணீர்ப் பம்ப் திருத்தும் தொழில் இருக்கிறது. அந்தப் பனிக்குள் ஒளித்திருந்து நான் எதைத் திருத்துவது? மறுபடி எழுதிக் கேட்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் தூஷண வார்த்தைதான் வந்திருக்கும்.

தாலி கட்டுவதையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு எனக்கு மருமகனாகப் போகிற மாப்பிள்ளையே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊருக்கு வந்த ஒருவரிடம் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டார். டிவியில் செருகி வீட்டு வைஃபையில் இணைத்தால் கலியாணம் பெரிதாகத் தெரியுமாம். போனிலேயே பார்க்கலாமே என்றேன். அதற்குள் மனிசி ஒழுங்கையில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். பெற்ற தகப்பனும் தாயும் போகமுடியாத கலியாணத்துக்கு எங்கள் வீட்டில் கதிரை வாடகைக்கு எடுத்தாயிற்று, பயற்றம் பணியாரமும் சுட்டாயிற்று.

புதன்கிழமை பெட்டியை டிவியில் பூட்டினேன். திரை கறுப்பு. மருமகன் வீடியோவில் வந்தார்.

"மாமா, பச்சை லைட் மினுங்குதோ?"

"இல்லை. சிவப்பு மட்டும் எரியுது."

"அப்ப மெமரி கார்டை வாசிக்கேல்லை. கழற்றித் திரும்பப் போடுங்கோ."

கழற்றினேன். கார்டிலும் அது நுழைகிற வாயிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மணந்து பார்த்தேன். சந்தனம்! பெட்டி வந்த அன்றே மனிசி அதைச் சாமியறையில் வைத்து, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருக்கிறாள். மேலே வைத்தது போதாதென்று, அடியில் கண்ட ஓட்டையை மூலஸ்தானம் என்று நினைத்தாளோ தெரியாது.

"இதுக்குள்ளை ஏனப்பா அப்பினனீர்?"

"புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமலோ? உங்கடை மோட்டச்சைக்கிளுக்கும் வைச்சனான்தானே. அது ஓடேல்லையோ?"

மருமகன் அந்தப் பக்கம் சிரித்தார். அங்கேயிருந்து சிரிப்பது சுகம். நான் ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கும் பிரஷும் எடுத்து ஒரு மணித்தியாலம் துடைத்தேன். பச்சை மினுங்கியது. டிவியில் படம் வந்தது.

வைஃபைதான் வரவில்லை. பெட்டி அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டியது. இரண்டு கைநீளத்தில் இருந்த எங்கள் ரவுட்டரை மட்டும் காட்டவில்லை. மனிசியின் போன் அதே ரவுட்டரில் நன்றாக வேலை செய்தது. "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ மாமா" என்றார் மருமகன். வியாழன் முழுக்க ஓஃப், வெள்ளி முழுக்க ஓன். கம்ப்யூட்டர் படித்த அவருக்குப் பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் இதைத்தான் படிப்பித்திருக்கிறார்கள் போல.

சனிக்கிழமை, கலியாணத்துக்கு முதல் நாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் அதைத் தன் திரையில் பூட்டிப் பார்த்தாள்.

"ஐயா, இந்தக் கார்டிலை புரோகிராம் எங்கை ஏத்தினது?"

"கனடாவிலை."

"அதுதான். இந்தப் பெட்டி இன்னும் கனடாவிலை நிக்கிறன் எண்டு நினைக்குது. நாட்டுக்கு நாடு வயர்லெஸ் சானல் வேறை. அங்கை பாவிக்காத ஒரு சானலிலை உங்கடை ரவுட்டர் நிக்குது போலை. அதாலை கண்டும் காணாத மாதிரி இருக்குது."

"கனடாவுக்குப் போன எங்கடை சனம் மாதிரி எண்டு சொல்லுங்கோ."

"நான் சொல்லேல்லை. எனக்கும் அங்கை அண்ணை இருக்கிறார்" என்றாள், சிரிக்காமல்.

எனக்கு விசரே வந்துவிட்டது. சொத்துக் கடதாசி, வங்கிக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கட்டிக் கொடுத்தும் எனக்குக் கிடைக்காத கனடா, சந்தனம் அப்பிய இந்தத் துண்டுக்குக் கிடைத்திருக்கிறது! கடைக்காரப் பெண் பெட்டிக்குள் நாட்டை இலங்கை என்று மாற்றினாள். ஒரு நிமிசம்கூடச் செல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினேன். எங்கள் ரவுட்டரின் பெயர் முதலாவதாக வந்து நின்றது.

ஞாயிறு எங்கள் நேரம் பின்னேரம் ஏழரைக்கு, அங்கே காலை பத்து மணிக்கு, முகூர்த்தம். கதிரையெல்லாம் நிறைந்துவிட்டது. மகள் கூறைச் சேலையோடு மணவறைக்கு வந்தாள். படம் ஒருக்காலும் நிற்கவில்லை.

"அண்ணை, மாப்பிள்ளை பகுதி எங்களுக்கும் சாப்பாடு அனுப்புமோ?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பொறும், பெட்டிக்குள்ளாலை வரும்."

கெட்டிமேளம் கேட்டது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். அந்தக் கணம் கறுப்புக் கோட் போட்ட ஒரு போட்டோக்காரன் குறுக்கே வந்து நின்றான். திரை முழுக்க அவன் முதுகு.

"அங்காலை தள்ளடா, எருமை!" என்று கத்தினேன். வீடே கத்தியது. மனிசி கத்தவில்லை. எழும்பி, பிள்ளையை வாழ்த்திப் போடக் கையில் வைத்திருந்த அறுகரிசியை அந்த முதுகில் எறிந்தாள். அரிசி டிவியில் பட்டு நிலமெல்லாம் சிதறியது. முதுகு விலகியபோது மகளின் கழுத்தில் தாலி இருந்தது.

சனம் போனபிறகு மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, பாத்தனீங்களோ? தாலி கட்டேக்கை வடிவாத் தெரிஞ்சதோ?"

என் வாயை ஊரே அறியும். மனிசி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம் பிள்ளை. வடிவாத் தெரிஞ்சது."

"அம்மா அழுறாவோ?"

"இல்லை. நிலத்திலை அரிசி பொறுக்கிறா."