பத்திரிகை வைக்கும் முன்னே வெளியான கல்யாணங்கள்

கல்யாணப் பத்திரிகைத் தொழிலில் நாங்கள் பயப்படுவது எழுத்துப் பிழைக்குத்தான். மாப்பிள்ளை பேரில் ஒரு கால் விட்டுப்போனாலும் இரண்டு குடும்பமும் சண்டைக்கு வந்துவிடும். சிவகாசியில், ஆன்லைனில் பத்திரிகை ஆர்டர் எடுக்கும் ஒரு கம்பெனியில் போன் எடுப்பது என் வேலை. விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். உங்களில் யாராவது இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால், நான் பட்டது பாதியிலேயே புரிந்துவிடும்.

தேதி தெரிந்தவன்

ஒரு காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மகள் கல்யாணத்துக்கு எங்களிடம் ஆர்டர் கொடுத்திருந்தவர். முந்தின நாள் எவனோ எங்கள் கம்பெனி பேரைச் சொல்லி அவரிடம் பேசியிருக்கிறான். பொண்ணு, மாப்பிள்ளை, மண்டபம், முகூர்த்தம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு ஓடிபி கேட்டிருக்கிறான். இவர் சுதாரித்துப் போனை வைத்துவிட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏம்மா, சொந்தத் தம்பிக்கே நான் இன்னும் பத்திரிகை வைக்கல. போன் போட்டவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

என் பேரும்

வெப்சைட்டைக் கவனிக்கும் அருணிடம் விஷயத்தைச் சொன்னேன்; மதியம்வரை அவன் தலை நிமிரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். எங்கள் கஸ்டமர்களின் கணக்குகள் மொத்தமும் இன்டர்நெட்டில் எங்கேயோ ஒரு இடத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி திறந்து கிடந்தன. பேர், போன் நம்பர், வீட்டு முகவரி, அச்சுக்குப் போகாத பத்திரிகைகள். என் தங்கை கல்யாணத்துக்கு நானும் அதில் ஆர்டர் போட்டிருந்தேன். என் பேரைத் தட்டினான். எங்கள் தெரு வந்தது, கதவு எண் வந்தது. அதற்குப் பக்கத்தில் என் மகள் பேர் இருந்தது. அதுதான் என் பாஸ்வேர்டு.

"அக்கா, பேங்குக்கும் இதே பாஸ்வேர்டா? இப்பவே மாத்துங்க, அப்புறம் உக்காந்து அழுவோம்."

காணாமல் போகாத திருட்டு

முதலாளி அண்ணாச்சி அச்சாபீசில் வளர்ந்தவர். திருட்டு என்றால் அவருக்குப் பேப்பர் ரீம் குறைய வேண்டும், இல்லாவிட்டால் பூட்டு உடைந்திருக்க வேண்டும். அருண் விவரம் சொன்னான். கஸ்டமர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று நானும் சொன்னேன். சீசன் நேரத்தில் பேர் கெட்டுப்போகுமே என்று அவர் யோசித்தார். எழுந்து போய் கம்ப்யூட்டரைப் பார்த்தார். எல்லா ஆர்டரும் அதனதன் இடத்தில் இருந்தது.

"எல்லாம் இங்கனதான இருக்கு. இருக்கிறத எப்படிலே திருடிட்டுப் போவான்?"

நிஜமான நாங்கள்

அருண் பேசிப் பேசி அண்ணாச்சியைச் சம்மதிக்க வைத்தான். போலீசில் புகார் கொடுத்தோம். எல்லாருக்கும் போன் போட்டு எச்சரிக்கை செய்ய ஆரம்பித்தேன். எங்கள் கம்பெனி பேரைச் சொன்னதுமே பாதிப்பேர் வைத்துவிட்டார்கள். சாத்தூர் அம்மா ஒருவர் மட்டும் நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நேத்துப் பேசுனவன் உன்னைவிட நல்லாப் பேசுனான் தாயி. நான் அவனுக்கே ஓடிபி சொல்லல."

வேனில் வந்த போன்

பிறகு ஒரு பெண் கூப்பிட்டாள். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். விரும்பியவனைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு, வீட்டில் சொல்லுமுன்பே எங்களிடம் கொஞ்சம் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தாள். தன் நம்பரைத்தான் கொடுத்தாள். ஆனால் ஆர்டர் போட்டது அண்ணன் கல்யாணத்துக்காக ஆரம்பித்த பழைய கணக்கில். அப்பாவின் நம்பரும் அதில் கிடந்தது. ஏமாற்றுக்காரன் அந்த நம்பருக்குப் போட்டிருக்கிறான். அப்பா பட்டாசு கம்பெனி வேனில், வேலை முடிந்து ஆட்களோடு வந்துகொண்டிருந்தார். இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறார். மகள் கல்யாணத்தை வேனே கேட்டது.

வீட்டில் அவள் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். தோழியின் போனில் பேசினாள். மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை.

"எங்க அப்பாகிட்ட எப்படிச் சொல்லணும்னு மனசுல ஒத்திகை பாத்து வச்சிருந்தேங்க்கா. கடைசில எவனோ சொல்லிட்டான்."

பேர் விட்டுப்போன பத்திரிகை

சில வாரம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பாவே நேரில் வந்தார். நகக்கண்ணில் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அவசரமாக எழுந்து நின்றார். அடி விழும் என்றே நினைத்தோம். வந்தவர் மகள் அடிக்கக் கொடுத்த பத்திரிகையைக் காட்டச் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார்.

"நாலு நாள் அவகூடப் பேசல. அப்புறம் பையனைப் போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றார். பொண்ணு பேருக்கு மேலே அப்பா, அம்மா பேரைச் சேர்த்து, ஊருக்கே வைக்கிற அளவுக்கு அடிக்கச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழக்கதோஷத்தில் ஆர்டர் பதிய அவர் நம்பரைக் கேட்டுவிட்டேன்.

"நம்பரெல்லாம் கேக்காதீக. எம்புட்டு நாளானாலும் நானே வந்து வாங்கிக்கிடுதேன்."

ஊருக்கெல்லாம் சேதி சொல்ல அச்சடித்துக் கொடுக்கிற எங்களுக்கு, ஒரு சேதியை வெளியே விடாமல் வைத்திருக்க மட்டும் தெரியவில்லை.