கருவாடு பொரிக்காத வீடு

எங்கள் உடுப்பு அலமாரியைத் திறந்து, தொங்கிய என் சேலைகளுக்குள் மூக்கை நுழைத்து ஒரு பெண் மோந்து பார்த்தாள். பிறகு கார்ப்பெட்டில் முழங்காலிட்டு அதையும் மோந்தாள். திரைச்சீலை, சோபா, தலையணை எதையும் விடவில்லை. நான் கையில் தேநீர்க் கோப்பையோடு அவள் பின்னாலேயே நடந்தேன். கடைசியில் ஊசி போடப்போகும் நர்ஸைப் போலச் சிரித்துவிட்டு, வீடு முழுக்கக் 'குக்கிங்' இருக்கிறது என்றாள். சமையல் அடுப்பில்தானே இருக்கும், அலமாரிக்குள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நானும் தலையாட்டினேன். எங்கள் நாற்றத்தைத்தான் சொன்னாள் என்று எனக்கு உறைத்தபோது அவளுடைய கார் தெரு முனையைத் தாண்டிவிட்டது.

அவள் பெயர் ஷெரில். கனடாவில், ஸ்காபரோவில் வீடு விற்றுக் கொடுப்பவள். நானும் என் கணவரும் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்து எங்களுடையதாக்கிக்கொண்ட வீடு அது. மகள் கல்யாணமாகி வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். எங்கள் இருவருக்கும் தரைக்குக் கீழே ஒற்றை அறையாக ஒரு வாடகை பேஸ்மெண்ட் போதும் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் என் தம்பி லோகன். அவன் இலங்கையில் ஹல்துமுல்லைப் பக்கம், நாங்கள் பிறந்த அதே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், மனைவி பிள்ளைகளோடு இன்னும் இருக்கிறான். லயத்துக்குப் பின்னால் இருக்கிற மேடு போன மழையில் சரிந்து, பின்சுவர் வெடித்துவிட்டது. வானம் கறுத்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்ப் படுக்கிறார்கள். நாலு தலைமுறை அந்தச் சுவருக்குள் பிறந்து செத்திருக்கிறது, ஆனால் அது ஒரு நாளும் எங்களுடையதாக இருந்ததில்லை. விற்கவும் முடியாது, எழுதிக் கொடுக்கவும் முடியாது. இடிந்தால் மட்டும் எங்கள் தலையில் விழும்.

தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணி, உறுதிப் பத்திரத்தோடு, விலைக்கு வந்திருந்தது. பதுளையில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியுடையது. பெருமழை தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று லோகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இங்கே வீடு விற்றால்தான் அங்கே காணி.

வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் ஒரே மதியத்தில் வந்து வீட்டைப் பார்த்துப் போவதை இங்கே ஓப்பன் ஹவுஸ் என்பார்கள். அதற்கு முதல் நாள் ஷெரில் தொலைபேசியில் ஒரே ஒரு யோசனைதான் சொன்னாள். வீடு 'ஹோம்' மாதிரி மணக்க வேண்டும், மற்றதெல்லாம் தன்னால் நடக்கும் என்றாள். நானும் நம்பினேன். விடிய எழுந்து வாசலைக் கழுவி, மூலை முடுக்கெல்லாம் சாம்பிராணி காட்டினேன். கருவேப்பிலை தாளித்துப் பருப்பு வைத்தேன். தேங்காய் ரொட்டி சுட்டேன். வருகிறவர்கள் பசியோடு வருவார்களே என்று கருவாடு பொரித்துச் சம்பலும் செய்து மூடி வைத்தேன். ஷெரில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாட் இஸ் திஸ்?"

"ஹோம்," என்றேன்.

அந்தக் குளிரில் அவள் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். வந்தவர்களில் ஒருவர்கூட மாடிப்படி ஏறவில்லை. ஓர் ஆள் வாசலிலேயே கழுத்துத் துணியை மூக்குக்கு இழுத்துக்கொண்டு திரும்பினார். யாரும் விலை பேசவில்லை. அந்த வாரமே லோகன் கூப்பிட்டு, காணியைப் பார்க்க லுணுகலையிலிருந்து வேறு ஆட்கள் வந்து போனதாகச் சொன்னான்.

அதன் பிறகு நான் ஷெரில் சொன்னபடி ஆடினேன். கல்யாணப் படம், சாமிப் படங்கள், மகளின் பள்ளிக்கூடப் பரிசுகள் எல்லாம் பெட்டிக்குள் போயின. வாடகைக்கு வெள்ளை நாற்காலிகள் வந்தன. யாரும் சாப்பிடாத எலுமிச்சம்பழங்கள் ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் ஏறின. அடுப்பில் கறுவாப்பட்டையும் ஆப்பிள் துண்டுகளும் கொதிக்க வேண்டும், ஓவனுக்குள் பிஸ்கட் அரைவேக்காட்டில் இருக்க வேண்டும். வீடு விற்கும்வரை மீன், கருவாடு எதுவும் பொரிக்கக் கூடாது. எங்கள் நாட்டுக் கறுவாப்பட்டை ஆப்பிளோடு கொதித்தால் அது ஹோம், அதே பட்டை இறைச்சிக் குழம்பில் விழுந்தால் நாற்றம். எந்த நியாயத்தில் சேர்த்தி இது? கேட்கத் துடித்தேன். கேட்டால் வீடு விற்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த உத்தரவு எனக்குப் புதிதும் அல்ல. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் கட்டளையைக் கணக்கப்பிள்ளை வாசித்தார். ரோட்டிலிருந்து தெரிகிற லயத்துக்கு, தெரிகிற சுவருக்கு மட்டும், வெள்ளையடித்தார்கள். சாக்கடைக் கானில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். எங்கள் அம்மா உட்படச் சில பெண்களுக்குப் புதுச்சேலை கொடுத்துக் கொழுந்துக் கூடையோடு நிறுத்தினார்கள். பிள்ளைகள் எல்லாரும் பின்பக்கம் போய்விட வேண்டும், வந்தவர்கள் திரும்பும்வரை எந்த வீட்டிலும் கருவாடு பொரிக்கக் கூடாது. வெள்ளைக்காரர்கள் வந்து ஃபேக்டரி வாசத்தை மூச்சுமுட்ட இழுத்துவிட்டுப் போனார்கள். மாலையில் சேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அம்மா அடுப்பை மூட்டி, முன்கதவை விரியத் திறந்து வைத்துக் கருவாடு பொரித்தார்.

"இப்ப ரோடு வரைக்கும் மணக்கட்டும்," என்றார்.

இரண்டாவது ஓப்பன் ஹவுஸ் அன்று வீட்டுக்காரர்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஷெரில் எங்களை வெளியே அனுப்பிவிட்டாள். தெருவின் எதிர்ப்பக்கம் காருக்குள், பின் சீட்டில் பெட்டிக்குள் முருகனும் பிள்ளையாரும் இருக்க, நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்குள் யார் யாரோ சப்பாத்துக் காலோடு போய் வந்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வரவில்லை, எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. அன்று சாயந்திரமே ஓர் இளம் தம்பதி விலை பேசினார்கள். உள்ளே நுழைந்ததும் இது தங்கள் ஹோம் என்று தெரிந்துவிட்டதாம். ஷெரில் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கட்டைபோல் நின்றேன்.

காணி லோகன் பேருக்கு எழுதப்பட்டது. மழைக்கு முந்திக்கொண்டோம். எங்கள் குடும்பத்தில் உறுதியில் பெயர் ஏறிய முதல் ஆள் அவன்தான். நாங்கள் பேஸ்மெண்ட்டுக்கு மாறிய அடுத்த வாரம், அஸ்திவாரம் வெட்டிய மண்ணை வீடியோவில் காட்டிக்கொண்டே பேசினான்.

"அக்கா, ஒனக்கும் ஒரு காம்பரா ஒதுக்கியிருக்கேன். ரோட்டுப் பக்கம் ஜன்னல் வைக்கச் சொல்லிட்டேன்."

லயத்தில் ஒரு குடும்பத்துக்குத் தோட்டம் விடுகிற ஒற்றை அறைக்குத்தான் காம்பரா என்று பேர். எனக்குச் சுள்ளென்று ஏறியது. சொந்த வீடு கட்டுகிறவன் அந்தச் சொல்லை இனி வாயில் எடுக்கக் கூடாது என்று சத்தம் போட்டேன். அவன் கோபப்படவில்லை.

"வேற என்னான்னு சொல்றது? நீயே சொல்லு."

நான் தலையை நிமிர்த்தினேன். வெளியே யாரோ பனியில் நடக்கிற காலணிகள் மட்டும் என் ஜன்னலில் தெரிந்தன. எங்கே இருந்து பேசுறே என்று கேட்டான். காம்பராவிலிருந்துதான் என்றேன்.